உஷார்! ஒரு கோழி சுணங்கினால் கொல்லையே காலி

கொல்லையில் நாலு கோழி வளர்ப்பவர்களே, மாசி பிறந்துவிட்டால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனியுங்கள். நேற்று மாலைவரை குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த பெட்டைக்கோழி, இன்று காலை இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் தூங்கி வழிகிறதா? ‘வெயில் தாங்கலை போல’ என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். வந்திருப்பது வெள்ளைக்கழிச்சல் என்றால், ஒரே வாரத்தில் கூண்டு துடைத்துவிட்டாற்போல் ஆகிவிடும். தடுப்பூசி போடாத கோழிகளில் பத்துக்கு எட்டு, ஒன்பது என்று வாரிக்கொண்டு போகும். சில வீடுகளில் ஒன்றுகூட மிஞ்சாது.

அதைவிடப் பெரிய ஆபத்து, முதல் கோழி செத்த பிறகு நாம் செய்யும் காரியங்களில் இருக்கிறது. செத்ததை வாய்க்காலில் வீசுகிறோம். மிச்சத்தை அவசர அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோகிறோம். தூங்கி விழுவதை அறுத்துக் குழம்பு வைக்கிறோம். ஒரு வீட்டோடு முடிய வேண்டிய நோய் ஊர் முழுக்கப் போவது இப்படித்தான்.

எமன் எப்படி இருப்பான்?

வெள்ளைக்கழிச்சல், கோழிக்கழிச்சல், கோழிச்சீக்கு என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். மருத்துவர்கள் ராணிக்கெட் நோய் என்பார்கள். 1920-களின் கடைசியில் இமயமலையின் குமாவுன் பகுதியில் உள்ள ராணிகேத் என்ற ஊரில் கண்டறியப்பட்டதால் இந்தியாவில் அந்தப் பெயர் நிலைத்தது. ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியிலும் இது கோழிகளைக் கொன்று குவித்தது. அதனால் உலகம் இதை நியூகாசில் நோய் என்கிறது. காரணம் ஒரு வைரஸ். நோய் வந்த பிறகு குணப்படுத்த இன்றுவரை மருந்து கிடையாது.

நோய்க்கிருமி உள்ளே போய் இரண்டு நாளிலும் நோய் வெளியே தெரியலாம், இரண்டு வாரமும் ஆகலாம். பெரும்பாலும் ஐந்தாறு நாளில் காட்டிக்கொடுத்துவிடும். இந்த இடைவெளிதான் நம்மை ஏமாற்றுகிறது. சந்தையில் துள்ளிக்கொண்டிருந்த சேவல், வீட்டுக்கு வந்த நாலாம் நாள் சுணங்கும். அதற்குள் ஒரே தண்ணீர்ச் சட்டியில் எல்லாக் கோழியும் வாய் வைத்திருக்கும்.

வாசல் வழியாகத்தான் வருகிறது

இந்த நோய் பெரும்பாலும் நாமே கையில் பிடித்துக்கொண்டு வருவது.

முதல் வழி, நேர்த்திக்கடன் சேவல். மாசி, பங்குனி, சித்திரையில் குலதெய்வக் கோயில்களில் கொடை, பொங்கல், படையல் என்று வரிசையாக வரும். கருப்பசாமிக்கும் முனியாண்டிக்கும் விட்ட சேவலைச் சந்தையில் வாங்கி வந்து, கோயில் நாள் வரை வீட்டுக் கோழிகளோடு விட்டுவைப்பார்கள். சந்தையில் அந்தச் சேவல் பத்து ஊர்க் கோழிகளோடு கால் கட்டப்பட்டுக் கிடந்தது. எந்த ஊர்க் கிருமியைச் சுமந்து வந்திருக்கிறதோ, யாருக்குத் தெரியும்?

இரண்டாவது, வீடு வீடாக வந்து கோழி வாங்கும் வியாபாரி. வண்டியில் கட்டித் தொங்கும் கூடையில் ஏற்கெனவே நாலு ஊர்க் கோழி இருக்கும். கூடையைக் கொல்லையில் இறக்கிவைத்து விலை பேசுவார். வாங்காமல் போனால்கூட, கூடையிலிருந்து உதிர்ந்த எச்சம் உங்கள் மண்ணில் கிடக்கும். பேரம் பேசுவதாக இருந்தால் தெருவில் வைத்துப் பேசுங்கள்.

மூன்றாவது, ஊர்விட்டு ஊர் போய்வரும் கட்டுச்சேவல். நான்காவது, உறவினர் வீட்டிலிருந்து ஆசையாக வரும் அடைக்கோழி. ஐந்தாவது, உங்கள் செருப்பு. சீக்கு விழுந்த வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போய் அதே செருப்போடு உங்கள் கூண்டுக்குள் நுழைந்தால், எச்சத்தோடு கிருமியும் வரும். செத்த கோழியைக் கொத்தும் காக்கையும், இழுத்துப் போகும் நாயும் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். கோயில் கோபுரத்துப் புறாக்களுக்கும் இதே வைரஸின் ஒரு வகை உண்டு என்பதால், புறா வந்து தீனி பொறுக்கும் இடத்தில் கோழிக்குத் தீனி போடாதீர்கள்.

காலையில் கூட்டுவதற்கு முன் பாருங்கள்

நோயைப் பிடிக்க டாக்டர் கண் தேவையில்லை. காலையில் கூண்டைத் திறந்ததும் துடைப்பத்தை எடுக்காதீர்கள். முதலில் எச்சத்தைப் பாருங்கள். நல்ல கோழியின் எச்சம் கெட்டியாக, கரும்பழுப்பில், மேலே வெள்ளைத் தொப்பி போட்டாற்போல் இருக்கும். தண்ணீராக, பச்சையும் வெள்ளையும் கலந்து, நாற்றத்தோடு கிடந்தால் அபாயச் சங்கு ஊதிவிட்டது என்று அர்த்தம்.

இரவு அடைக்கும்போது ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். மேய்ந்து வந்த கோழிக்கு அது கெட்டியாக நிறைந்திருக்க வேண்டும். காலியாக இருந்தாலோ, தண்ணீர்ப் பையைப் போல் தொளதொளவென்று இருந்தாலோ, அந்தக் கோழி தின்னவில்லை. பின்பக்க இறகு நனைந்து ஒட்டியிருக்கிறதா, கொண்டை கறுத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவற்றில் எது தெரிந்தாலும் உடனே பிரித்துவிடுங்கள்:

• ‘பா... பா...’ என்று தீனிக்குக் கூப்பிட்டும் வராமல், இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒதுங்கி நிற்பது

• வாயைத் திறந்து, கழுத்தை நீட்டி, கர்ர் கர்ரென்று மூச்சு இழுப்பது. வாயில் கோழை வழிவது

• பச்சை கலந்த வெள்ளைக் கழிச்சல்

• கழுத்து ஒருபக்கமாகத் திருகிக்கொள்வது, வட்டமடித்துச் சுற்றுவது, காலோ இறக்கையோ இழுத்துக்கொள்வது

• முட்டை திடீரென்று நின்றுபோவது, அல்லது ஓடில்லாத தோல்முட்டை விழுவது

கழுத்து திருகும்வரை காத்திருந்து ‘ஆமாம், சீக்குதான்’ என்று முடிவுக்கு வருபவர்கள் அதிகம். அந்தக் கட்டம் வருவதற்குள் பக்கத்தில் நின்ற கோழிகளுக்கெல்லாம் கிருமி போயாகிவிட்டது.

எல்லாச் சாவும் இந்தச் சாவு இல்லை

பயந்துபோய் எதற்கெடுத்தாலும் வெள்ளைக்கழிச்சல் என்று நினைக்கவும் வேண்டாம். சாகிற விதத்தைக் கவனித்தால் பாதி விடை கிடைக்கும்.

தீனி தின்ற சில மணி நேரத்தில் நாலைந்து கோழிகள் ஒன்றாகச் சுருண்டு விழுந்தால் விஷத்தைச் சந்தேகப்படுங்கள். பக்கத்து வயலில் மருந்து தெளித்தார்களா, விதைநேர்த்தி செய்த நெல் சிந்திக் கிடக்கிறதா, யாராவது எலி மருந்து வைத்தார்களா என்று விசாரியுங்கள். அக்கினி நட்சத்திர நாளில் மத்தியானம் வாயைப் பிளந்து, இறக்கையை விரித்து இளைத்தால் வெப்பத் தாக்கு. நிழலும் குளிர்ந்த தண்ணீரும் கொடுத்தால் தேறும்.

மூன்று வாரம் முதல் இரண்டு மாதம்வரை வயதுள்ள குஞ்சுகள் குன்றிப்போய் ரத்தமாகக் கழிந்தால், அது ரத்தக்கழிச்சல். ஈரமான தரையில் பெருகும் ஒட்டுண்ணி செய்யும் வேலை. இதற்கு மருந்து உண்டு. கால்நடை மருத்துவரிடம் அன்றே ஓடினால் குஞ்சுகளைக் காப்பாற்றிவிடலாம். கொண்டையிலும் கண்ணோரத்திலும் மரு மருவாகக் கிளம்பினால் அம்மை. கொசு பரப்பும் இந்த நோயில் பல கோழிகள் பிழைத்துக்கொள்ளும். ஆனால் கண் மூடிப்போன கோழி தீனி தெரியாமல் பட்டினியில் சாகும். அதற்குக் கையில் ஊட்ட வேண்டும். கொண்டை வெளுத்து, எடை குறைந்து, நாளாக நாளாக மெலிந்தால் குடற்புழுவோ பேனோ உண்ணியோ இருக்கலாம். பூசணம் பிடித்த மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் ஈரலைக் கெடுத்துக் கொல்லும். மனிதன் தின்ன லாயக்கில்லாத தானியம் கோழிக்கும் வேண்டாம்.

இப்படி எதிலும் அடங்காமல், இன்று ஒன்று, நாளை இரண்டு, மறுநாள் நாலு என்று சாவு ஏறிக்கொண்டே போனால் தொற்றுநோய்தான். கோழியோடு காக்கையும் வாத்தும் சேர்ந்து செத்து விழுந்தால் இன்னும் உஷார்! பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். 2006-ல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் இந்தியாவுக்குள் முதன்முறையாக நுழைந்த அந்தக் காய்ச்சல், அதன்பிறகு பல மாநிலங்களில் தலைகாட்டிவிட்டது. அது மனிதனுக்கும் தாவக்கூடியது. அப்படிச் செத்த பறவை எதையும் வெறும் கையால் தொடாதீர்கள்.

இந்த நாலையும் செய்யவே செய்யாதீர்கள்

விற்காதீர்கள். ‘சாவதற்குள் வந்த விலைக்குத் தள்ளிவிடலாம்’ என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். முட்டைக் காசில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அந்த எண்ணம் வருவதில் குற்றம் சொல்லவும் முடியாது. ஆனால் நீங்கள் தள்ளிவிடும் கோழி அடுத்த ஊர்க் கொல்லையில் போய் இறங்குகிறது. அங்கிருந்து வேறு கூடையில் ஏறி உங்கள் தெருவுக்கே திரும்பி வருகிறது.

அறுக்காதீர்கள். வெந்துவிட்டால் கிருமி செத்துவிடும் என்பது உண்மைதான். ஆபத்து குழம்பில் இல்லை; அறுக்கும்போதும், இறகு பிடுங்கும்போதும், குடலைக் கழுவும்போதும்தான் இருக்கிறது. ராணிக்கெட் கிருமி கண்ணில் பட்டால் மனிதனுக்குக் கண் சிவந்து நீர் வடியும். அது சில நாளில் சரியாகிவிடும். வந்திருப்பது பறவைக் காய்ச்சலாக இருந்தால் உயிருக்கே உலை. இரண்டில் எது என்று அருவாமனை முன்னால் உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது. அந்த இறகும் குடலும் குப்பையில் விழுந்தால் அடுத்த வீட்டுக் கோழி கிளறப் போகிறது.

வீசாதீர்கள். ஏரிக்கரை, வாய்க்கால், கிணற்றடி, குப்பைமேடு எங்கேயும் கூடாது. தொற்றுநோயில் செத்த கால்நடையைத் தெரிந்தே நீர்நிலையில் போடுவது, 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். நோய் கண்டால் தகவல் சொல்ல வேண்டிய பொறுப்பையும் அதே சட்டம் வளர்ப்பவர்மேல் வைத்திருக்கிறது.

வீட்டு மாத்திரையைக் கரைக்காதீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சலுக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் கேப்சூலை உடைத்துத் தண்ணீரில் கலக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. வைரஸ்மேல் ஆன்டிபயாடிக்குக்கு அதிகாரமே இல்லை. அந்த மருந்தின் மிச்சம் முட்டை வழியாக உங்கள் வயிற்றுக்குத்தான் வரும். சின்ன வெங்காயம், மஞ்சள், கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பவர்கள் கொடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் அதையே நம்பிக்கொண்டு, பிரித்துவைக்காமலும் தகவல் சொல்லாமலும் நாளைக் கடத்துவதுதான் கேடு.

முதல் நாளே செய்ய வேண்டியது

சுணங்கிய கோழியைத் தனிப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, மற்றவை நெருங்காத தூரத்தில் வையுங்கள். மற்றவற்றை மேய விடாமல் அடைத்துப்போடுங்கள். முதலில் நல்ல கோழிகளுக்குத் தீனியும் தண்ணீரும் வைத்துவிட்டு, கடைசியாகத்தான் சீக்குக் கோழியிடம் போக வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. வேலை முடிந்ததும் கை, கால், செருப்பை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

அடுத்து, பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். 1962 என்ற எண்ணுக்கும் கூப்பிடலாம். செத்த கோழியைக் கெடுவதற்கு முன் கொடுத்தால் பிரேதப் பரிசோதனையில் நோய் இன்னதென்று தெரிந்துவிடும். சொன்னால் கோழியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயத்தில் மறைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பறவைக் காய்ச்சல் என்று உறுதியாகி அரசே கோழிகளை அழித்தால் அதற்கு இழப்பீடு உண்டு. மறைத்துவைத்துச் செத்துப்போன கோழிக்கு இல்லை.

செத்ததை வெறும் கையால் எடுக்க வேண்டாம். ஒரு பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு எடுங்கள். கிணற்றுக்கும் குழாயடிக்கும் தள்ளி, நாய் தோண்ட முடியாத ஆழத்துக்கு, அதாவது இடுப்பளவாவது குழி வெட்டுங்கள். கோழியைப் போட்டு, மேலே சுண்ணாம்பைக் கொட்டி மண்ணை மூடி மிதித்துவிடுங்கள். உதிர்ந்த இறகு, மிச்சத் தீனி, எச்சம், கூண்டில் விரித்த உமி எல்லாம் அதே குழிக்குப் போக வேண்டும். சீக்குக்கு முன்னும் பின்னும் இட்ட முட்டைகளை அடைக்கு வைக்காதீர்கள்.

வேலி ஒன்றுதான்: தடுப்பூசி

குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து. நாலாவது வாரம் மறுபடியும் சொட்டு மருந்து. எட்டு வாரம் முடிந்ததும் இறக்கைத் தோலுக்கடியில் ஊசி. ஆறேழு வாரத்தில் அம்மைக்கு ஒரு தடுப்பூசி. பிறகு ராணிக்கெட் ஊசியை ஆண்டுக்கு ஒருமுறையாவது விடாமல் போட வேண்டும். சீக்கு அடிக்கடி வரும் ஊர் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட மருத்துவர் சொல்வார். கால்நடைப் பராமரிப்புத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில் ஊர் ஊராகக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. ஊசி இலவசம்.

இவ்வளவு இருந்தும் ஏன் தவறுகிறது? மூன்று காரணம்.

ஒன்று, முகாம் நாளன்று கோழி கையில் கிடைப்பதில்லை. விடிந்ததும் திறந்துவிட்டால் அது எந்தப் புதரில் இருக்கிறதோ! முகாம் என்று அறிவித்தால், ஊசி போடுபவர் வந்துபோகும்வரை கூண்டைத் திறக்காதீர்கள்.

இரண்டு, மருந்துக் குப்பியின் அளவு. கடையில் வாங்கினால் ஒரு குப்பி நூறு கோழிக்கு, இருநூறு கோழிக்கு என்றுதான் கிடைக்கும். உங்களிடம் இருப்பதோ எட்டு. கரைத்த மருந்து இரண்டு மணி நேரத்துக்குமேல் வேலை செய்யாது, மிச்சத்தை எடுத்துவைக்க முடியாது. அதனால் தெருவில் கோழி வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே நாளில் சேர்ந்து போட்டுக்கொள்ளுங்கள். செலவும் குறையும், தெருவே பாதுகாப்பாகும். மருந்தை ஐஸ்கட்டி போட்ட பிளாஸ்கில்தான் எடுத்துவர வேண்டும். பஸ்ஸில் மடியில் வைத்து வெயிலில் கொண்டுவந்த மருந்தைப் போடுவதும் பச்சைத் தண்ணீரைப் போடுவதும் ஒன்றுதான்.

மூன்று, ‘ஊசி போட்டதால்தான் கோழி செத்தது’ என்ற பேச்சு. ஊசிக்குப் பிறகு இரண்டொரு நாள் கோழி சோர்ந்திருக்கும், முட்டை குறையும். அது இயல்பு. செத்தது என்றால் பெரும்பாலும் கிருமி ஏற்கெனவே உள்ளே இருந்திருக்கும். அல்லது எட்டு வாரம் ஆகாத குஞ்சுக்குப் பெரிய கோழி ஊசியைப் போட்டிருப்பார்கள். அல்லது புழுவால் நலிந்த கோழியாக இருந்திருக்கும். ஆகவே ஊசிக்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு மருந்து கொடுங்கள். நலமாக இருக்கும்போதே போடுங்கள். ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். பக்கத்துத் தெருவில் சீக்கு வந்தபின் ஓடினால் காலம் கடந்துவிடும்.

காலியான கூண்டை உடனே நிரப்பாதீர்கள்

எல்லாம் போனபின் வெறும் கூண்டைப் பார்க்கச் சகிக்காமல் அடுத்த சந்தையிலேயே நாலு கோழி வாங்கிவந்து விடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த நாலும் போகும். எச்சத்திலும் ஈரமண்ணிலும் கிருமி வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

முதலில் எச்சத்தைச் சுரண்டி அப்புறப்படுத்துங்கள். அழுக்கின்மேல் தெளித்தால் பிளீச்சிங் பவுடர் வேலை செய்யாது. தேய்த்துக் கழுவியபிறகே அதைக் கரைத்துத் தெளிக்க வேண்டும். பிறகு சுண்ணாம்பு அடித்து, தண்ணீர்ச் சட்டி, பஞ்சாரம், கூடை எல்லாவற்றையும் நல்ல வெயிலில் காயப்போடுங்கள். குறைந்தது ஒரு மாதம் கூண்டு காலியாகவே கிடக்கட்டும்.

பிழைத்த ஒன்றிரண்டு கோழிகளைத் ‘தப்பித்த ராசி’ என்று கொண்டாடி, புதுக் குஞ்சுகளோடு உடனே சேர்க்காதீர்கள். பிழைத்ததும் சில வாரம் கிருமியைக் கழித்துக்கொண்டிருக்கும். புதிதாக வாங்கும்போது சந்தையைத் தவிர்த்து, எந்தத் தேதியில் எந்த ஊசி போட்டது என்று சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குங்கள். வாங்கியதை மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே கூட்டத்தில் விடுங்கள். சாமிக்கு விட்ட சேவலுக்கும் இதே சட்டம்தான். கோயில் நாள்வரை அது தனிப் பஞ்சாரத்தில் இருப்பதால் சாமி கோபித்துக்கொள்ளாது.

ஒரு முட்டை கோழியாகி முட்டையிட ஆறு மாதத்துக்குமேல் ஆகிறது. அது சாக ஆறு நாள் போதும். உங்கள் கோழிகளுக்குக் கடைசியாக எப்போது ஊசி போட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். தேதி நினைவுக்கு வரவில்லை என்றால், நாளைக் காலை கால்நடை மருந்தகம் திறக்கும்போது நீங்கள் அங்கே நில்லுங்கள். போகும்போது பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் கோழிக்குப் போடாவிட்டால் உங்கள் கோழிக்கும் நிம்மதி இல்லை.